வேண்டாத விளையாட்டுகளை விற்ற வரலாறு

பொருளை வாங்குவதற்கு வேண்டும் அறிவினும் அதனை விற்பதற்கு வேண்டும் அறிவு பெரிதென்பதை வணிகக் குடியினர் இளமையிலேயே உணர்வர். எம்போன்ற மாணாக்கர்க்கு அவ்வறிவு எளிதிற் கிட்டுவதன்று. சென்ற ஆனித் திங்களில், எம் இல்லத்திற் பயனின்றிக் கிடந்த வீடியோ கேம்களை விற்க நேர்ந்தமையால் அது எமக்குச் சிறிது கிட்டிற்று. விளையாட்டுச் சாமான் விற்ற செய்தி கல்லூரி மலரில் இடம்பெறத் தக்கதோ என்று அன்பர்கள் ஐயுறலாம். ஒரு பொருளை நம்முடையது என்று நாம் சொல்லும்போது எதனைக் கருதிச் சொல்லுகின்றோம் என்னும் வினா இதனுட் கிடத்தலின், தக்கதே என்பது எம் கருத்து.

எம் இல்லம் தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையேயுள்ள மேலகரத்தில் இருக்கின்றது. சில ஆண்டுகட்கு முன்னர், சென்னையில் வேலைக்கு அமர்ந்த எம் தமையனார் தம் முதற் சம்பளத்தோடு சிறிது கடனும் சேர்த்து ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கி வந்தார். சாரல் விடாது பெய்யும் நாள்களில் தமையனாரும் யாமும் தங்கையும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து ஆடிய ஆட்டங்கள் பல. பின்னர்த் தமையனார் கடல் கடந்து பணிக்குச் சென்றார். யாம் கல்லூரி விடுதிக்கு வந்தோம். பெட்டியின்மேல் தூசி படிந்தது. இவ்வாண்டு தங்கைக்கும் கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதிக்கு முதலில் ரூ. 20,000 கட்டல் வேண்டும் என்றனர். தமையனார் தொலைபேசியில், "தம்பி, அந்தப் பெட்டியையும் கேம்களையும் விற்றுத் தங்கச்சிக்குக் கட்டிவிடு" என்றார். எண்ணிப் பார்த்தோம். கேம்கள் 21 இருந்தன. அவற்றுள் டிஸ்க்காகக் கையில் இருந்தவை 9. இணையத்தின் வழியே பணம் கட்டி டவுன்லோட் செய்து பெட்டியினுள் வைத்திருந்தவை 12.

இத்தகைய விற்பனை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1983ஆம் ஆண்டில் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனியார் ஃபேமிலி கம்ப்யூட்டர் என்னும் விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டனர். அதனைப் பார்த்துச் செய்த மலிவான பெட்டிகள் 1990களில் நம் ஊர்களிலும் பரவின. ஒரு கேசட்டை ஆடிச் சலித்த சிறுவன் அதனைத் தோழனிடம் கொடுத்து வேறொன்றை வாங்கிக்கொள்வான். அல்லது சில ரூபாய்க்கு விற்பான். கொடுப்பவனும் கொள்பவனும் இசைந்தாற் போதும். மூன்றாமவர் ஒருவரைக் கேட்க வேண்டுவதில்லை. சென்னையில் 1900இல் திறக்கப்பெற்று 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களும் பிற பொருள்களும் கைம்மாறியது இம்முறையிலேயே. யாமும் அவ்வாறே கருதி விற்பனையில் இறங்கினோம்.

முதலில் யாம் கற்றது பருவம் அறிதல். குற்றாலத்துக் கடைவீதியில் சீசன் காலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருப்பதை அன்பர்கள் கண்டிருப்பர். காலையிற் சொன்ன விலையையே மாலையிலும் பழக்கடைக்காரர் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. பழம் கனிந்துவிடும் என்பது அவர்க்குத் தெரியும். கேம்களுக்கும் அத்தன்மை உண்டு. கால்பந்து ஆட்டம் ஆண்டுதோறும் புதிதாக வெளிவருவது. புதியது வந்தவுடன் பழையதை விரும்புவார் குறைவர். 2022இல் வெளிவந்த 'ஃபிஃபா 23' எம்மிடம் இருந்தது. 2023இல் அதனைச் செய்த கம்பெனியார் பெயரையே மாற்றி அடுத்ததை வெளியிட்டுவிட்டனர். ஆகவே அதற்கு ரூ. 200க்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. கதையைத் தொடர்ந்து ஆடிச் செல்லும் கேம்களோ இன்னும் நல்ல விலைக்குப் போயின.

இரண்டாவதாகக் கற்றது குறையை மறையாது சொல்லுதல். டிஸ்க்கின் அடிப்புறத்தை விளக்கொளியிற் சாய்த்துப் பார்த்தாற் கீறல் புலப்படும். பழைய சி.டி.யில் செய்தி பதிந்த படலம் மேற்புறத்தை ஒட்டியிருத்தலின், அடிப்புறத்துச் சிறு கீறலைத் தேய்த்து நீக்குதல் கூடும். இக்காலத்துப் புளூரே டிஸ்க்கிலோ அப்படலம் அடிப்புறத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கின்றது. அதன்மேற் பூசிய காப்பு உறுதியானதாயினும், ஆழ்ந்த கீறல் விழுந்துவிட்டால் தேய்த்துச் சரிசெய்தற்கு இடமில்லை. எம்முடைய டிஸ்க்குகளுள் ஒன்று அத்தகையது. செங்கோட்டையிலிருந்து தம் மகனை அழைத்துக்கொண்டு பார்க்க வந்த பெரியவர் ஒருவரிடம், "அண்ணாச்சி, இந்த ஒன்றில் கீறல் இருக்கின்றது, பாதியில் நின்றுவிடும். இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்றோம். அவர் எம் முகத்தை நோக்கிவிட்டு, "அப்படியானால் மற்றவற்றை ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை" என்று சொல்லி எட்டையும் எடுத்துக்கொண்டார். டிஸ்க்குகளுக்கு ரூ. 5,600, பெட்டிக்கும் அதன் கைப்பிடிகள் இரண்டிற்கும் ரூ. 11,000. ஆக ரூ. 16,600 பேசி முடிந்தது.

மூன்றாவது பாடம் அதன் பின்னரே வந்தது. சிறுவன் பெட்டியினுள் இருந்த 12 கேம்களின் படங்களைத் திரையிற் கண்டு, "அண்ணே, இவையெல்லாம் பெட்டியோடு வருமா?" என்று கேட்டான். "வாராது தம்பி" என்றோம். தந்தையார் வியந்து, "காசு கொடுத்துத்தானே வாங்கினீர்கள்? அந்தக் கணக்கோடு சேர்த்துத் தந்தால் இன்னும் ரூ. 4,000 தருகின்றேன்" என்றார். அதனைக் கொண்டால் விடுதிக் கட்டணம் முழுதும் நிறைந்து ரூ. 600 மிஞ்சும். தமையனாரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர், "கணக்கை விற்பதற்கு உடன்படிக்கை இடங்கொடுக்கவில்லை. அது என் பெயரில் இருப்பது. என்றைக்காவது கம்பெனியார் அதைப் பூட்டிவிட்டால் அந்தப் பிள்ளை கொடுத்த காசு போய்விடும். வேண்டாம்" என்றார். கணக்கை நீக்கிப் பெட்டியைத் துடைத்துப் புதியதுபோல் ஆக்கிக் கொடுத்தோம். பன்னிரண்டும் திரையிலிருந்து மறைந்தன. அவற்றிற்காகத் தமையனார் மாதந்தோறும் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பணமும் டிஸ்க்கிற்குக் கொடுத்த பணத்தைப் போன்றதே. குறைந்த ரூ. 3,400ஐத் தந்தையார் தம் சேமிப்பிலிருந்து கொடுத்தார்.

இவ்வேறுபாடு யாது காரணத்தால் எழுந்தது என்று பின்னர்ச் சிறிது ஆராய்ந்தோம். அமெரிக்காவில் ஒரு பதிப்பகத்தார் தம் நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்றல் கூடாதென்று அதனுள்ளேயே அச்சிட்டிருந்தனர். கடைக்காரர் ஒருவர் அதனை 89 சென்டுக்கு விற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரு பிரதியை விற்றுவிட்ட பின்னர் அப்பிரதியின் மறுவிற்பனைமீது பதிப்பாளர்க்கு அவ்வதிகாரம் இல்லை என்று 1908இல் தீர்ப்பாயிற்று. டிஸ்க்கும் அப்புத்தகம் போன்றது. 2013ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் தம் புதிய எக்ஸ்பாக்ஸ் பெட்டியில் பழைய டிஸ்க்குகளின் கைம்மாற்றத்திற்குக் கட்டுப்பாடு விதிக்கக் கருதியபோது, ஆடுவோர் எழுப்பிய கூக்குரலால் அவ்வாண்டு ஜூன் திங்களிலேயே அதனைக் கைவிட்டனர்.

டவுன்லோட் செய்ததன் நிலை வேறு. ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல், கால வரம்பின்றி விற்ற மென்பொருளை வாங்கியவர் பிறருக்கு விற்பதை, அது இணையத்தின் வழியே வந்ததாயினும், தடுத்தல் இயலாது என்றது. அதனை ஒட்டிப் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று 2019இல் கேம்களுக்கும் அவ்வுரிமை உண்டென்று வால்வ் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றிவிட்டது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. நிலையாக இறக்கி வைத்துக்கொள்ள இயலாத மின்பொருளை விற்பவர், தாம் தருவது உரிமமே என்பதைத் தெளிவாகக் காட்டாமல் 'வாங்கு' என்னும் சொல்லை வழங்குதல் கூடாது என்பது அதன் சாரம்.

கம்பெனியார் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. டிஸ்க் தேயும், கீறல் விழும், ஆகவே பழையது என்றும் பழையதே. இறக்கிய கேமிற்குத் தேய்வில்லை. மறுவிற்பனைக்கு வரும் ஒவ்வொன்றும் புதியதற்கு நிகராகும். அவ்வாறாயின் செய்தவர்க்கு ஊதியம் எங்ஙனம் கிட்டும் என்று அவர்கள் வினவுகின்றனர். இவ்வினாவைத் தள்ளுதல் முறையன்று. ஆயினும், கைம்மாற்ற இயலாத ஒன்றைக் கைம்மாற்றத் தக்க பொருளின் விலைக்கே விற்பதும் முறையன்று என்பது எம் எண்ணம். ஆடும் உரிமையை மட்டும் தருவதாயின், வாடகைபோல் விலையைக் குறைத்துச் சொல்லட்டும்.

இது கேமோடு நிற்கும் செய்தியன்று. ஒவ்வோர் ஆண்டும் நம் கல்லூரியில் மேல்வகுப்பு மாணவர் தம் பாடநூல்களைப் பாதி விலைக்குக் கீழ்வகுப்பு மாணவர்க்குக் கொடுப்பதும், வறியவர்க்கு விலையின்றியே ஈவதும் வழக்கம். எம் நூல்களுட் பல அவ்வாறு வந்தனவே. முன்னையோர் ஓரத்தில் எழுதிய குறிப்புகளும் அவற்றோடு வந்தன. இன்று நூல்களும் திரையில் வாசிக்கும் வடிவிற் பெருகி வருகின்றன. எளிமையும் விரைவும் கருதி அவற்றை நாடுதலில் தவறில்லை. ஆனால் பணம் கட்டுமுன் அன்பர்கள் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வாராக: எமக்கு வேண்டாத நாளில் இதனை இன்னொருவர் கையிற் கொடுக்க இயலுமோ? இயலும் எனின் அதன் விலை ஒன்று. இயலாதெனின் அதற்கு நாம் கொடுக்கத்தக்க விலை வேறு.