பட்டியல் கேட்காதீர்கள்

அரசு அலுவலகத்தில் ஓர் எக்செல் பட்டியல் பிறந்துவிட்டால் அதற்குச் சாவே கிடையாது. எந்தத் திட்டத்துக்காக எடுத்தார்களோ அந்தத் திட்டம் முடிந்த பிறகும் இருக்கும். எடுத்த எழுத்தர் மாறுதலில் போன பிறகும் இருக்கும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் கரெக்டட்’ என்று வாலை நீட்டிக்கொண்டு பென்டிரைவிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றும். உள்ளே ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண் எல்லாம் அப்படியே இருக்கும். மாவட்ட அளவில் பல துறைகளின் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. அரசாணைகளில் இதற்குத் தரவு மேலாண்மை என்று பெயர். எங்கள் பிரிவில் ‘லிஸ்ட் கிளீன் பண்றது’.

வேலை எப்படிப்பட்டது என்று தெரிய ஒரு புல எண்ணைப் பார்த்தால் போதும். 5/2 என்றால் ஐந்தாம் புலத்தில் இரண்டாம் உட்பிரிவு. அதை எக்செல்லில் அடித்து என்டர் தட்டினால் பிப்ரவரி 5 ஆகிவிடும். 12/1 ஜனவரி 12 ஆகும். 5/2ஏ மட்டும் அந்த ‘ஏ’ புண்ணியத்தில் தப்பிக்கும். பிழையைப் பார்த்துப் பதறி, அந்தக் கட்டத்தை எண் வடிவத்துக்கு மாற்றினால் கதை இன்னும் மோசம். 2024-ல் அடித்த 5/2 இப்போது 45327 என்று நிற்கும், ஏனென்றால் எக்செல் தேதிகளை உள்ளுக்குள் நாள் கணக்காகத்தான் வைத்திருக்கிறது. மூன்றாவது கைக்குப் போகும்போது அது ஏதோ பட்டா எண் போலத் தோன்றும். நான்காவது ஆள் அதை வைத்து ஒரு விவசாயியின் மனுவைத் ‘தரவு பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்புவார். வங்கிக் கணக்கு எண்களுக்கும் இதே கதி. எக்செல் 15 இலக்கம் வரைதான் தாங்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் சுழியமாகும். முன்னால் இருக்கும் சுழியங்கள் பறந்துவிடும். எண்களை அடிக்கும் முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிட்டால் இதெல்லாம் நடக்காது. புதிதாக வரும் தட்டச்சர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

பெயர்கள் அடுத்த தலைவலி. ரேஷன் கார்டில் பழனியம்மாள், ஆதாரில் பளனியம்மாள், வங்கியில் பழனி அம்மாள். ஆங்கிலத்தில் அடித்த பெயரை இயந்திரம் தமிழாக்கினால் கலாவும் காலாவும் ஒருவரே ஆகிவிடுவார்கள். முன்னெழுத்து ஓரிடத்தில் தந்தையுடையது, இன்னோரிடத்தில் கணவருடையது. போதாக்குறைக்கு வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள். யூனிகோடுக்கு மாறச் சொல்லி 2010-லேயே அரசாணை வந்துவிட்டது. ஆனாலும் பீரோவின் பழைய சிடிகளிலிருந்து அந்தக் கோப்புகள் இன்னும் வருகின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஊர்ப் பெயரெல்லாம் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். பிறந்த தேதியை நம்பலாமா என்றால், ஆண்டு மட்டும் சொன்னவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 விழுந்திருக்கிறது. பள்ளிச் சான்றிதழ் வைத்திருப்பவர்களில் ஒரு தலைமுறையே ஜூன் மாதத்தில் பிறந்தது. தேதி தெரியாமல் வந்த பெற்றோருக்குத் தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்தது.

இரண்டு பட்டியல்களைப் பெயரை வைத்துப் பொருத்த இப்போது நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. எழுத்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போட்டுக் காட்டும். அதை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு விதியை விடுவதில்லை: ஒருவரைப் பட்டியலில் சேர்க்கக் கணினியின் சொல் போதும், நீக்குவதற்கு ஆள் நேரில் போக வேண்டும். ஒரே தெருவில் இரண்டு லட்சுமிகள் இருந்தார்கள். ஒருவர் இறந்தார், மற்றவருக்கு முதியோர் உதவித்தொகை நின்றது. அந்தப் பாட்டி வங்கி, கிராம நிர்வாக அலுவலகம், தாலுகா அலுவலகம் என்று அலைந்து தான் உயிரோடு இருப்பதை நிரூபித்தார். தவறாகச் சேர்ந்த ஒருவரால் அரசுக்குச் சில ஆயிரம் நஷ்டம். தவறாக நீங்கிய ஒருவருக்கு மாத்திரை வாங்கக் காசில்லை. இந்த இரண்டு தவறுகளையும் ஒரே எடையில் போடும் எந்த மென்பொருளையும் நான் நம்புவதில்லை.

இவ்வளவு குப்பை எப்படிச் சேர்ந்தது என்று கேட்டால், காகிதத்தில் இருந்த ஒழுங்கைக் கணினிக்குக் கொண்டுவராமல் விட்டதுதான் காரணம் என்பேன். விவரத்தை மட்டும் ஏற்றினோம். அதைக் காத்த நடைமுறையைப் பதிவறையிலேயே விட்டுவிட்டோம்.

பழைய வருவாய் நிர்வாகத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். கிராமத்தின் சாகுபடிக் கணக்கான அடங்கலை எழுதுபவர் கிராம நிர்வாக அலுவலர். வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது. திருத்தம் என்றால் சிவப்பு மையில் அடித்து, உத்தரவு எண் எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். பழைய பெயர் அடித்தலுக்கு அடியில் தெரிந்துகொண்டே இருக்கும். வரும் ஒவ்வொரு தபாலும் எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏறும். வருவாய்த் துறையின் ஆண்டான பசலி முடியும் மே, ஜூன் மாதங்களில் ஜமாபந்தி நடக்கும். இன்று மக்களுக்கு அது மனுக் கொடுக்கும் நாள். அதன் அசல் வேலை கிராமக் கணக்குகளை ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்வது. முடிந்த கோப்புக்கோ ஆயுள் குறிக்கப்படும்: ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். பத்து ஆண்டு, கே.டிஸ். மூன்று ஆண்டு, எல்.டிஸ். ஓராண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே வரும் ஏற்பாடு இது. தரவை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று இன்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். அந்தக் காலக் குமாஸ்தா அதைக் கோப்பின் மேலட்டையில் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். என் கணினியில் இருக்கும் பட்டியல்களில் எதன் மேலும் ‘எல்.டிஸ்.’ என்று எழுதியிருக்கவில்லை.

காகிதக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், ஊரில் யூ.டி.ஆர். என்பார்கள், பெயர் மாறி ஏறியவர்களின் வாரிசுகள் இன்றும் மனுவோடு வருகிறார்கள். ஆனால் அந்தப் பிழை எங்கே நுழைந்தது என்று கிராமத்தின் நிலப் பதிவேடான அ பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். ஒரு பட்டியலைப் பதினைந்து அலுவலகம் நகலெடுத்து ஆளுக்கொரு திருத்தம் போட்டிருந்தால், எந்தப் பழனியம்மாள் சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே எனக்குத் தெரிந்த மருந்து: பட்டியலைக் கொடுக்காதே, பதிலைக் கொடு. கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சத்து 50 ஆயிரம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அப்போதைய தகுதி விதிகளைப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டுக்குள். சொந்தக் கார் இருக்கக் கூடாது. நிலம் வருவாய்த் துறையிடம், மின்சாரம் மின்வாரியத்திடம், கார் போக்குவரத்துத் துறையிடம். இதற்காக ஒவ்வொரு துறையும் தன் முழுப் பட்டியலையும் இன்னொருவரிடம் கொட்ட வேண்டியதில்லை. ‘இந்த இணைப்பு 3,600-ஐத் தாண்டியதா?’ என்று மின்வாரியத்தைக் கேட்டால் ஆம், இல்லை என்ற ஒரு சொல் போதும். எந்த மாதம் எத்தனை யூனிட் என்பது கேட்டவருக்குத் தேவையில்லை.

அந்த ஒரு சொல்லும் சில வேளை கிடைக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். மின் இணைப்பு என்றோ மறைந்த மாமனாரின் பெயரில் இருக்கும். நிலம் பங்காளிகள் பலரின் கூட்டுப் பட்டாவில் இருக்கும். அந்தப் பெண்ணின் வீட்டுப் பங்கு எத்தனை சென்ட் என்று பட்டா சொல்லாது. அங்கே கணினி ‘தெரியாது’ என்று சொல்ல வழி வைத்திருக்க வேண்டும். ஆம், இல்லை இரண்டை மட்டும் வைத்து எழுதிய நிரல், தெரியாததையெல்லாம் ‘தகுதி இல்லை’ பக்கம் தள்ளிவிடும். அதன்பின் மேல்முறையீடு என்று ஒரு பெரிய கூட்டம் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்கும்.

முழுப் பட்டியலைக் கொடுப்பதன் விபரீதத்துக்கு உதாரணமாக, பிரிட்டனில் 2007-ல் நடந்ததை நான் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்வேன். குழந்தைகள் உதவித்தொகைக் கணக்கைச் சரிபார்க்க தேசியத் தணிக்கை அலுவலகம் வருவாய், சுங்கத் துறையிடம் விவரம் கேட்டது. வங்கி விவரங்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள் என்றுதான் கேட்டது. நீக்கித் தரத் தனிச் செலவாகும் என்று துறை முழுவதையும் இரண்டு குறுந்தகடுகளில் எழுதி, வெறும் கடவுச்சொல் போட்டு, பதிவு செய்யாத உள்தபாலில் அனுப்பியது. தகடுகள் போய்ச் சேரவில்லை. இரண்டரைக் கோடிப் பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, வங்கிக் கணக்கு அதில் இருந்தன. நவம்பர் 20 அன்று நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னார். துறைத் தலைவர் பதவி விலகினார். கள்வன் யாரும் உள்ளே நுழையவில்லை. சில பத்திகளை நீக்கும் வேலையை மிச்சம் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் குறுந்தகடுக்குப் பதில் வாட்ஸ்அப். பேச்சு இப்படி இருக்கும்.

“சார், நாலு மணிக்கு மீட்டிங். முழு லிஸ்ட்டையும் குரூப்ல போட்டுடுங்க, நாங்க பிரிச்சுக்கறோம்.”

“மீட்டிங்ல என்ன கேட்கப்போறாங்க மேடம்?”

“ஆதார் இணைக்காத அக்கவுன்ட் எவ்வளவு நிலுவைன்னுதான்.”

“ஒன்றியவாரியா எண்ணிக்கை கொடுத்தா போதுமா?”

“அது போதும். ஆனா மேல கேட்டா என்ன பண்றது?”

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் நாட்டின் பாதித் தரவுக் கசிவு இருக்கிறது. மேலே கேட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கீழே எல்லாரும் எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கிறார்கள். 2017-ல் ஜார்க்கண்ட் மாநில அரசின் இணையதளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்களின் ஆதார் எண்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடந்தன. ஆதாரை மறைத்து வெளியிடுவதிலும் ஒரு சூது உண்டு. ஒரு துறை முதல் எட்டு இலக்கங்களை மறைக்கும், இன்னொன்று கடைசி நான்கை மறைக்கும்; இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் பன்னிரண்டும் வந்துவிடும். கிராமவாரியாக நோயாளி எண்ணிக்கை வெளியிடும்போது ‘1’ என்று ஒரு கட்டம் இருந்தால், அந்த ஊரில் பெயரே தேவையில்லை.

சட்டம் இல்லாமலில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் சொன்னது. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் மாற்றியிருக்கிறது. இனித் ‘தனிநபர் விவரம்’ என்று சொல்லிப் பயனாளிப் பட்டியலையே மறைக்கப் பார்ப்பார்கள் என்பது என் கவலை. ஒருவருக்கு என்ன திட்டத்தில் எவ்வளவு கொடுத்தோம் என்பது கிராம சபை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி. அவரது ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் ஊருக்குத் தேவையில்லாதவை. இரண்டையும் ஒரே தாளில் வைத்திருப்பதால்தான் ஒரு நாள் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறோம், மறுநாள் எல்லாவற்றையும் பூட்டுகிறோம்.

எஸ்டோனியாவில் 2001 முதல் எக்ஸ்-ரோடு என்ற இணைப்பு வழியாகத் துறைகள் கேள்வி, பதிலாகவே பேசிக்கொள்கின்றன. ஒரு துறை வைத்திருக்கும் விவரத்தை இன்னொரு துறை தனியாகத் திரட்டி வைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. தன் விவரத்தை எந்த அலுவலகம் எப்போது பார்த்தது என்று குடிமகனே உள்நுழைந்து பார்க்கலாம். அது பதின்மூன்று லட்சம் பேர் வாழும் நாடு, நமக்கு ஒரு பெரிய தாலுகாவும் அதன் பக்கத்துத் தாலுகாவும் சேர்ந்தால் வந்துவிடும் என்பார்கள். சரிதான். ஆனால் பார்த்தவர் யார் என்று எழுதிவைப்பது நமக்குப் புதிதல்ல. பதிவறையில் கோப்பு எடுத்தால் கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்தோம்.

இங்கும் நல்ல தொடக்கங்கள் உண்டு. உட்பிரிவு தேவைப்படாத சொத்துகளுக்குப் பத்திரப் பதிவு முடிந்ததும் பட்டாவும் மாறும் ஏற்பாடு வந்திருக்கிறது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 2023-ல் திருத்தப்பட்டு, பதிவாளரிடம் ஏறும் சேதி வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு போன்ற மற்றப் பதிவேடுகளுக்குப் போக வழி செய்திருக்கிறது. மூலத்தில் ஒருமுறை திருத்தினால் எல்லா இடமும் திருந்த வேண்டும் என்பதே இதன் சாரம். ஆனால் மூலத்தில் லட்சுமியை மாற்றி ஏற்றினால் தவறும் அதே வேகத்தில் எல்லா இடமும் போகும்.

மேலலுவலகங்களில் இருந்து விவரம் கேட்டுக் கடிதம் எழுதும் அலுவலர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முதலில் உங்கள் கேள்வியை எழுதுங்கள். எண்ணிக்கை போதுமென்றால் எண்ணிக்கையைக் கேளுங்கள். பெயர்ப் பட்டியல் வேண்டியே தீரும் என்றால், அந்தப் பட்டியலை உங்கள் அலுவலகம் எந்தத் தேதியில் அழிக்கும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதி அனுப்புங்கள்.