வலிக்கும் ஒரு பெயர் உண்டு

"பெண்ணாகப் பிறந்தால் பொறுத்துத்தான் ஆக வேண்டும்" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். மாதத்தில் இரண்டு நாள் எங்கள் வகுப்பில் ஓர் இடம் காலியாக இருக்கும். விடுப்புக் கடிதத்தில் "காய்ச்சல்" என்றிருக்கும். உண்மைக் காரணம் எங்கள் பெஞ்சிற்கே தெரியும்.

மாதவிலக்கின்போது சிறிது வலி இயல்பே. ஆனால் பள்ளிக்கு வரவொட்டாமல் மாதந்தோறும் வாட்டும் வலி இயல்பன்று. அதற்குரிய காரணங்களுள் ஒன்று எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய்.

கருப்பையின் உட்சவ்வு மாதந்தோறும் தடித்து, பின் உதிரத்தோடு வெளியேறுகிறது. இந்நோயில் அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடலைச் சுற்றியும் வளர்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் தூண்ட, அதுவும் தடித்துக் கசிகிறது. கசிந்த இரத்தம் வெளியேற வழியில்லை. அதனால் அவ்விடம் வீங்கித் தழும்பாகிறது. சிலருக்கு உறுப்புகளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

மாதவிலக்கு இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் செல்வதே காரணம் என்று அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927-இல் விளக்கினார். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு அவ்வாறு நிகழ்கிறது. நோயோ சிலருக்கே வருகிறது. ஆதலால் பரம்பரைக்கும் உடலின் எதிர்ப்பாற்றலுக்கும் இதில் பங்குண்டு என்கின்றனர். இது தொற்றுநோயன்று, எவருடைய குற்றமும் அன்று. உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பெண்களுக்கு இந்நோய் உள்ளதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

1970-இல் சென்னையில் பிறந்து, அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற பத்மா லட்சுமி, 13 வயது முதல் இவ்வலியால் வாடினார். நோயின் பெயர் தெரிந்தபோது அவருக்கு வயது 36. இடையில் 23 ஆண்டுகள்! பிற பெண்களும் அவ்வாறு காத்திருக்கலாகாது என்று 2009-இல் ஒரு மருத்துவருடன் சேர்ந்து இந்நோய்க்கென ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

எங்கள் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். கோப்பையிலுள்ள மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தட்டினால் ஓசை காட்டிக்கொடுக்கும். வலியும் அத்தகைய ஓசையே.

தோழியரே, வலி வரும் நாளையும் அதன் கடுமையையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அம்மாவிடம் காட்டி, மகளிர் நோய் மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் வலி பொய்யாகிவிடாது. நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் மாத்திரைகளாலும் அறுவை சிகிச்சையாலும் துன்பத்தைக் குறைக்கலாம்.

அன்னையரே, அருட்சகோதரியரே, "பொறுத்துக்கொள்" என்று கூறுமுன் "எங்கே வலிக்கிறது?" என்று ஒருமுறை கேளுங்கள். நாங்கள் சொல்லக் காத்திருக்கிறோம்.