இட்டேறியில் நின்ற ரிக்

ரிக் வண்டிக்குத் தார் ரோடு பாதி வழிதான். ரோடு முடிகிற இடத்தில்தான் அதற்கு வேலையே ஆரம்பம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள், கேஸ் டேங்கர் வைத்திருக்கிறார்கள். சங்ககிரிக்கு நெடுந்தூரம் சரக்கேற்றி ஓடும் லைன் வண்டி. திருச்செங்கோட்டுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக். டேங்கரோ லைன் வண்டியோ பழுதானால் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும். பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கும், பஞ்சர் கடை இருக்கும், கைகாட்டி நிறுத்திக் கேட்க நாலு டிரைவர்கள் வருவார்கள். ரிக் பழுதானால் யாருடைய கடலைக்காட்டிலாவதுதான் நிற்கும். 20 டன்னுக்குக் குறையாத அந்த எடையைக் கட்டி இழுத்துவர அந்தப் பாதையில் இன்னொரு வண்டியும் நுழையாது. மெக்கானிக்தான் அங்கே போக வேண்டும்.

அப்படிப் போகிற ஒருவரோடு கொஞ்ச நாள் சுற்றினேன். திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டிவிட்டார். டிரைவர்களுக்கும் முதலாளிகளுக்கும் அவர் மேஸ்திரி. வேலையில் பாதி போனிலேயே முடிந்துவிடுகிறது. டீசல் தீர்ந்து ஏர் பிடித்துக்கொண்ட வண்டியை ஒரு டிரைவர் பீகாரிலிருந்து காட்ட, எந்த ஸ்குரூவைத் தளர்த்தி எவ்வளவு நேரம் பம்ப் அடிக்க வேண்டும் என்று டீயை ஆற்றிக்கொண்டே சொல்லி முடித்தார். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் ஸ்குரூவை முடுக்கினால் சரி. அதற்கெல்லாம் அவர் காசு வாங்குவதில்லை.

சித்தம்பூண்டிப் பக்கமிருந்து வந்த போன் அப்படி முடியவில்லை.

"ஏனுங் மேஸ்திரி, வண்டி நவுரமாட்டேங்குதுங்க."

"சத்தம் ஏதாச்சும் வந்துச்சா?"

"டப்புன்னு ஒரே ஒரு சத்தமுங்க."

"கியர் போட்டு மெதுவா கிளட்ச்ச உடு. ஒருத்தரைத் தள்ளி நின்னு கீழ பாக்கச் சொல்லு. ஜாயிண்ட் சுத்துதா?"

"சுத்துதுங்க."

"வீலு?"

"சுத்தலீங்க."

"செரி, ஆப் பண்ணிரு. யாரும் கை வெக்காதீங்க. சேஸிஸ் நம்பர் பிளேட்டப் போட்டோ எடுத்து அனுப்பு."

கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் தண்டைத்தான் ஜாயிண்ட் என்கிறார்கள். அது சுற்றியும் சக்கரம் சுற்றவில்லை என்றால் நடுவில் இரண்டு இடங்களில்தான் பிழை இருக்க முடியும். பின் ஆக்சிலின் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன் பல் போயிருக்கலாம், அல்லது அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் ராடு முறிந்திருக்கலாம். பல் போயிருந்தால் சுற்றும்போது அரைபடும் சத்தம் கேட்கும். ஒரே ஒரு 'டப்', அப்புறம் அமைதி என்றால் ராடுதான். பிக்கப் வண்டியில் அவர் ஏற்றியது ஓர் ஆக்சில் ராடு, 90 கியர் ஆயில் கேன், கசிவடைக்கும் அனபாண்ட் டியூப், சம்மட்டி, ஸ்பானர் பெட்டி. வேறு எதையும் எடுக்கவில்லை. போட்டோவில் வந்த நம்பரை வைத்து ராடின் பல் எண்ணிக்கையை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தார். இங்கே தப்பினால் அங்கிருந்து மறுபடி வர வேண்டும்.

பரமத்தி வேலூர் பக்கம் போகும் ரோட்டிலிருந்து பிரிந்து, இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேறிக்குள் இறங்கினோம். இந்த மண்ணுக்கு ஒரு தனிக் கதை உண்டு. சித்தம்பூண்டி வட்டாரத்தில் கிடப்பது அனார்த்தசைட் என்ற வெளிறிய பாறை. நிலவின் மேட்டு நிலங்களில் இருப்பதும் அந்த வகைப் பாறைதான். சந்திரயான் திட்டத்தின் லேண்டரையும் ரோவரையும் சோதித்துப் பார்க்க இஸ்ரோ இந்தச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் எடுத்த கல்லை அரைத்துத்தான் நிலவு மண் போல ஒரு மண்ணைத் தயாரித்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்கும் அதில் பங்கு உண்டு. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கி, 26 கிலோ ரோவர் ஏறக்குறைய 100 மீட்டர் ஓடியது. அது வழியில் நின்றிருந்தால் கூப்பிட மேஸ்திரி இல்லை. இங்கே அதே வகைக் கல்லின் மேல் 20 டன் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

ஏன் நின்றது என்பதில்தான் வேடிக்கை. போர் நன்றாக விழுந்திருக்கிறது. 700 அடி தாண்டி ஒன்றரை இஞ்ச் தண்ணீர். காட்டுக்காரர் முகத்தில் சிரிப்பு. ரிக்கில் கம்ப்ரசர் காற்றுதான் ஹேமரை அடிக்கவும் வைக்கிறது, உடைந்த கல்தூளை மேலே தள்ளவும் செய்கிறது. அடியில் தண்ணீர் கண்டால் அதுவும் தூளோடு சேர்ந்து பீய்ச்சும். அப்படிப் பீய்ச்சிய தண்ணீர் இரவெல்லாம் ஓடி, வண்டி வெளியேற வேண்டிய இட்டேறியை உழவுக்கு நனைத்தது போல ஊறவைத்துவிட்டது. வண்டி தான் எடுத்த தண்ணீரிலேயே மாட்டிக்கொண்டது.

மாட்டியதும் டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறார். அந்த வண்டிக்குப் பின்னால் இரண்டு ஆக்சில். இழுப்பது ஒன்றுதான், மற்றது டம்மி. தரை மேடு பள்ளமாக இருக்கும்போது டம்மி மேட்டில் ஏறி எடையைத் தாங்கிக்கொள்ள, இழுக்கிற சக்கரம் பள்ளத்தில் லேசாகி வழுக்கிச் சுற்றுகிறது. சுற்றிச் சுற்றிச் சேற்றைத் தோண்டி, அடியிலிருந்த பாறையை ஒரு கணத்தில் பிடித்துவிட்டது. எஞ்சினின் வேகம் முழுவதும் அந்த ஒரே கணத்தில் ராடின் மேல் விழுந்தது.

வண்டியைச் சுற்றி ஒரு சின்ன ஊரே இருந்தது. துளைக்குள் இறக்கும் ராடுகளை ஏற்றிவரும் சப்போர்ட் லாரியின் பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டி, அடியில் அடுப்பு, அரிசி மூட்டை, தண்ணீர் டிரம், கயிற்றில் உலரும் துணி. மேனேஜரும் டிரைவரும் நம் பக்கத்தவர்கள். துளை ராடு மாட்டுகிறவர்களும் சமையல்காரரும் சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பையன்கள். மாதக்கணக்கில் இவர்கள் வாழ்வது இப்படித்தான். இன்று இங்கே, அடுத்த வாரம் கர்நாடகத்தில், அதற்கடுத்து ராஜஸ்தானில். ஜீப்பில் கூடாரம் ஏற்றிக்கொண்டு பாதையில்லாத இடத்துக்குப் போய்த் தங்குவதை ஒரு பொழுதுபோக்காக நம் நகரங்களிலும் இப்போது செய்கிறார்கள். அதற்கென்று கயிறு, ஜாக்கி, மணல் பலகை எல்லாம் விலைக்குக் கிடைக்கின்றன. இந்தப் பையன்களுக்கு அதையெல்லாம் காட்டினால் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மேஸ்திரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முதலில் டம்மி சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் முட்டு. பிறகு ஹப்பின் நடுவில் தட்டுப் போல மூடியிருக்கும் ராடின் முகத்தைப் பிடித்த நட்டுகளைக் கழற்றச் சொன்னார். சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. வண்டியின் எடையை ஹவுசிங் குழாய் தாங்குகிறது, ராடு சுற்றிவிடும் வேலையை மட்டும் பார்க்கிறது. நட்டுகள் வந்ததும் சம்மட்டியால் முகத்தின் நடுவில் ஓங்கி ஓர் அடி. ஓரத்தில் இறுகியிருந்த கோன்கள் துள்ளிக்கொண்டு வெளியே வந்தன. ராடை இழுத்தால் முக்கால்வாசிதான் வந்தது. மீதி உள்ளே.

உள்ளே இருப்பதை எடுப்பதுதான் வேலை. கை போகாத ஆழம், டார்ச் அடித்தால் ஆயில் மினுங்குகிறது, அதற்கு அப்பால் முறிந்த முனை தெரிகிறது. ரிக்கிலேயே கிடந்த பழைய கம்பிக்கயிற்றிலிருந்து ஓர் இழையைப் பிரித்தார். ஒல்லியான இரும்புக் குழாய்க்குள் அதை நுழைத்து நுனியில் சுருக்கு வைத்தார். குழாயை உள்ளே விட்டு, முனையைத் தாண்டிச் சுருக்கைக் கடத்தி, இந்தப் பக்கம் இழுத்து இறுக்க வேண்டும். முதலில் சுருக்கு திரும்பிக்கொண்டது. கம்பியை வேறுவிதமாக வளைத்தார். மறுபடி வழுக்கியது. திட்டவில்லை, அவசரப்படவும் இல்லை. நெற்றியை ஹப்பின் விளிம்பில் வைத்துக்கொண்டு, பார்க்காமலே விரலால் தேடினார். ஒரு கட்டத்தில் "புடிச்சிருச்சு" என்றார். இரண்டு பையன்கள் குழாயைப் பிடித்து நேராக இழுக்க, ஒரு சாண் நீளத்துண்டு ஆயிலோடு வழுக்கிக்கொண்டு வந்தது.

அதைத் துணியால் துடைத்து வெயிலில் பிடித்துக் காட்டினார். முறிந்த முகத்தில் கால்வாசி கறுத்து வழவழப்பாக இருந்தது. மீதி முக்கால்வாசி பளபளவென்று சொரசொரப்பு. "இந்தக் கறுப்பு இன்னிக்கு உட்டதில்லீங்க சார். இது பழைய வெடிப்பு. எங்கியோ ஒரு காட்டுல இதே மாதிரி மிதிச்சிருக்கறான், அன்னிக்கே விரிசல் உட்டிருக்குது. பளபளன்னு இருக்கறதுதான் இன்னிக்கு." டிரைவர் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டார். போன மாதம்தான் இந்த வண்டிக்கு வந்ததாகச் சொன்னார். யாரும் அதை விசாரிக்கவில்லை.

ஹவுசிங் ஆயிலை வடித்துத் துணியில் வடிகட்டி இரும்புத் துகள் இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றுமில்லை, கிரவுன் தப்பித்தது. புது ராடை ஏற்றி, பல்லோடு பல் சேர்கிறவரை கையால் திருப்பி, அனபாண்ட் தடவி மூடி, ஆயில் ஊற்றினார். இனி வண்டியைச் சேற்றிலிருந்து கிளப்ப வேண்டும். இதில் ரிக்குக்கு மற்ற லாரிக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. துளை போடும்போது நிமிர்ந்து நிற்பதற்கென்று அதற்கே ஹைட்ராலிக் ஜாக்கிகள் இருக்கின்றன. கம்ப்ரசரை ஓட்டும் மேல் எஞ்சினை ஓட்டி, ஜாக்கிகளுக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்கியதும், சக்கரம் தானாகப் பள்ளத்தைவிட்டு எழுந்தது. பையன்கள் வரப்போரம் கிடந்த வெள்ளைக் கற்களைப் பொறுக்கிவந்து பள்ளத்தை அடைத்தார்கள். விஞ்ஞானிகள் அரைத்துப் பார்த்த கல் டயருக்கு அடியில் போயிற்று. முதல் கியரில், ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும், ரிக் மேடேறியது.

சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும் சோயாவும் போட்ட குழம்பு. மேஸ்திரி பழைய கதை சொன்னார். ராஜஸ்தானில் ஸ்பிரிங்கின் மெயின் பட்டை முறிந்த ஒரு வண்டிக்குச் சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே மரக்கட்டை செருகி, சங்கிலி போட்டுக் கட்டி, பட்டைப் பட்டறை இருக்கிற ஊர்வரை ஊர்ந்தே கொண்டுபோயிருக்கிறார். அவர் தொழிலில் எனக்குப் பெரிதாகப் பட்டது சரிசெய்கிற திறமைகூட இல்லை. எது எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்கிற கணக்கு. சமவெளியில் கட்டை வைத்து ஓட்டலாம். "ஆனா தொப்பூர் எறங்கணும்னா பிரேக் வேலையில ஒப்பேத்தக் கூடாதுங்க. நான் தொடவே மாட்டேன்." தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் அந்தக் கணவாயில், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு உருண்ட வண்டிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

இந்தக் கணக்குக்குப் புது வண்டிகளில் இடம் குறைந்துகொண்டே வருகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 என்ற புகை விதிக்கு உட்பட்ட புது வண்டிகள்தான் பதிவாகின்றன. அவற்றில் புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் தனி டாங்கில் போகிறது. அது தீர்ந்தாலோ ஒரு சென்சார் தப்பாகக் காட்டினாலோ எஞ்சின் தன் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும். ஸ்பானரால் அதனோடு பேச முடியாது; ஸ்கேனர் வேண்டும், சில நேரம் கம்பெனி ஆளே வர வேண்டும். மேஸ்திரியும் ஒரு ஸ்கேனர் வாங்கிவிட்டார், மகன்தான் அதைப் பார்க்கிறான். பழைய எஞ்சின் கக்கிய கரும்புகையில் முப்பது வருடம் வேலை செய்து இருமுகிற மனிதரின் முன்னால் உட்கார்ந்து பழசுதான் நல்லது என்று எழுத எனக்கு மனம் வராது. ஆனால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இப்போது வண்டிக்குள் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுகிறார்கள். எழுதியவர் இட்டேறியைப் பார்த்ததில்லை. எங்கே நிற்கிறோம், பக்கத்து ஊர் எவ்வளவு தூரம், இருட்டுகிறதா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை.

கிளம்பும்போதுதான் வாக்குவாதம் வந்தது. எதிர்ப்பக்கத்து ராடும் அதே வயது, அதே அடியை வாங்கியது. அதையும் மாற்ற வேண்டும் என்றார் மேஸ்திரி. மேனேஜர் முதலாளிக்கு போன் போட்டார். அடுத்த பாயிண்ட், அதாவது துளை போடும் இடம், கர்நாடகத்துச் சித்ரதுர்காவில், நாளைக்கு வருவதாகச் சொல்லியாகிவிட்டது, இப்போது வேண்டாம் என்றார் முதலாளி. மேஸ்திரி போனை வாங்கினார். "சித்ரதுர்கா வரைக்கும் தார் ரோட்டுல போயிருமுங்க. அங்க காட்டுக்குள்ள எறக்கறதுக்கு முந்தி மாத்தீரணும். ராட நான் சப்போர்ட் வண்டியில போட்டு உடறேன். மாத்தறதுக்கு இந்தப் பையனே போதும்." காலையிலிருந்து அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்ற ஜார்க்கண்ட் பையனைத்தான் சொன்னார். சம்மட்டி எந்த இடத்தில் விழ வேண்டும் என்று அவனுக்குச் சாக்பீஸால் குறி போட்டுக் காட்டினார். தமிழ் பாதி, இந்தி பாதி, மீதி கையால்.

பையன் தலையாட்டிவிட்டு, நட்டுகளை முடுக்கும் வரிசையைத் திருப்பிச் சொன்னான். ஓர் இடத்தில் தப்பாகச் சொன்னான், திருத்தினார். முதலாளி சரி என்றார். ராடுக்கான பணத்தை மட்டும் மேனேஜர் ஜிபேயில் அனுப்பினார். கூலியும் வண்டிச் செலவும் சித்ரதுர்கா பாயிண்ட் முடிந்த பிறகு. "போன தடவைக் கூலியே இன்னும் பாக்கி நிக்குதுங்க" என்றார் மேஸ்திரி. மேனேஜர் அதையும் சேர்த்தே தந்துவிடலாம் என்றார்.