புல்வெளியிலிருந்து பறந்த பெண்கள்

விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடி வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்கு இப்போது முப்பத்தாறு வயது. இன்றும் வானில் இரைச்சல் கேட்டால் நிமிர்ந்து பார்க்கமாட்டேன். ஒதுங்க இடம் தேடுவேன். இங்கிலாந்தில் அக்கா வீட்டில் நின்றபோது, "உன்னை ஒரு பழைய பிளேனிலை ஏத்தப்போறன், காசும் கட்டியாச்சு" என்று அத்தான் சொன்னதும் வயிறு கலங்கிவிட்டது.

நாங்கள் போன இடம் லண்டனுக்கு மேற்கே, மெயிடன்ஹெட் நகருக்கு அருகிலுள்ள வைற் வோல்தம். கட்டுநாயக்காவை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். சீமெந்து ஓடுபாதை இல்லை, புல்வெளிதான். 1930களில் பறப்புப் பள்ளியாக இருந்த இந்த இடத்தில் இன்றும் ஒரு கழகம் விமானம் ஓட்டப் பழக்குகிறது. பணம் நிறையச் செலவாகும் கல்வி. அதைப் பற்றி அத்தான் வாயே திறக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஏ.ரி.ஏ. என்ற விமானப் போக்குவரத்துத் துணைச்சேவையின் தலைமையகம் இங்கேதான் இருந்தது. தொழிற்சாலையில் செய்து முடித்த போர்விமானங்களைப் படைத்தளங்களுக்கு ஓட்டிச்சென்று ஒப்படைப்பது அவர்களுடைய வேலை. வானொலித் தொடர்பு கிடையாது. நிலப்படத்தைப் பார்த்து, முகிலுக்குக் கீழே பறக்க வேண்டும். முன்பின் தொட்டிராத விமானம் என்றால், கையடக்கக் குறிப்பேட்டில் அதற்குரிய பக்கத்தைப் படித்துவிட்டு ஏறிவிடுவார்கள்.

1940 ஜனவரியில் 8 பெண்கள் இதில் சேர்ந்தார்கள். அவர்களின் தலைவி போலின் கவர். ஒரு விமானச் சஞ்சிகை ஆசிரியர், ஆஸ்பத்திரித் தரையை ஒழுங்காகக் கழுவத் தெரியாதவளுக்குக் குண்டுவீச்சு விமானம் கேட்கிறதோ என்ற கருத்தில் எழுதினார். அந்தக் கடுங்குளிரில் கூரையில்லாத ரைகர் மொத் விமானங்களை ஸ்கொட்லாந்து வரை கொண்டுபோனவர்கள் அந்தப் பெண்கள்! பின்னர் ஸ்பிட்ஃபயரும் ஓட்டினார்கள், நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானமும் ஓட்டினார்கள். மொத்தம் 168 பெண்கள். புகழ்பெற்ற எமி ஜோன்சன் 1941இல் தேம்ஸ் கழிமுகத்தில் விழுந்து இறந்தது இந்த வேலையில்தான்.

ஆரம்பத்தில் அவர்களுக்கு ஆண்களைவிட 20 வீதம் குறைந்த சம்பளம். கவர் விடவில்லை. 1943இல் சமசம்பளம் கிடைத்தது. அதே கவர் 1947இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற கையோடு இறந்துபோனார். அப்போது அவருக்கு 36 வயது, என் வயதுதான்.

எனக்கு வாய்த்ததும் ஒரு ரைகர் மொத். 1931இல் முதன்முதல் பறந்த வகை. இரட்டை அடுக்குச் சிறகு, துணி போர்த்திய உடல், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. பிரேக் கூட இல்லை. முன்விசிறியை ஒருவர் கையால் சுழற்றியதும் எங்கள் ஊர் லாண்ட்மாஸ்ரர் போலப் படபடவென்று இயந்திரம் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம்தான் எனக்குத் தைரியம் தந்தது என்றால் சிரிப்பீர்கள். மேலே போனதும் பயிற்றுநர் பெண்மணி பிடியைப் பிடிக்கச் சொன்னார். இறுக்கிப் பிடித்தேன். "மெதுவாக, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல" என்றார். இடது பக்கம் சிறிது சரித்தேன், விமானமும் சரிந்தது. கீழே வயல், வேலி, தேம்ஸ் ஆறு. பிள்ளைகள் யாரோ எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஓடி ஒளியவில்லை. கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் முடியவில்லை.

ஊர் திரும்பிய பிறகு எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். அங்கு வருபவர்களில் பலர் தோட்டவேலைக்குப் போகிறவர்கள். ஆணுக்கு ஒரு கூலி, தங்களுக்கு ஒரு கூலி என்பதை அறிந்தவர்கள். சமசம்பளம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூலையில் இருந்த ஓர் அம்மா மட்டும் கேட்டார்: "சண்டை முடிஞ்ச பிறகும் அவையளை வேலையிலை வைச்சிருந்தவையோ, பிள்ளை?"

இல்லை அம்மா. 1945 நவம்பரில் ஏ.ரி.ஏ.யைக் கலைத்துவிட்டார்கள். பெரும்பாலான பெண்களுக்கு அதன்பிறகு விமானி வேலை கிடைக்கவில்லை.

"அப்ப எங்கட கதைதான்" என்றார் அவர்.