எந்த நிறம் எப்போது

ஜூன் 4
அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பெருங்குடலில் கட்டி. வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்களாம். பெட்டியைப் பிரித்ததோடு மேசையில் கிடந்த ஸ்பிட்ஃபயர் விமான மாடலைக் காட்டி, "நீ ஆரம்பிச்சு வைடா" என்றிருந்தான்.

ஜூன் 6
தூக்கம் வரவில்லை. மாடல் 1/72 அளவு, சின்னதுதான். பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்தில் இருக்கும்போதே பூசிவிட்டால் வேலை சுலபம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சட்டத்திலிருந்து நறுக்கிய இடத்தில் முளை நிற்கும், அதைத் தேய்த்தால் பூச்சும் போய்விடும். ஒட்டும் விளிம்பில் பெயின்ட் இருக்கவே கூடாது. இதற்கான பசை இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒன்றாக்குவது. நடுவில் பெயின்ட் படலம் இருந்தால் மூட்டு பிடிக்காது. பட்டுவிட்டால் பிளேடால் சுரண்ட வேண்டும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டி, இடுக்கில் பட்டி வைத்துத் தேய்த்த பிறகுதான் வெளிநிறம்.

விமானி அறைக்கு மட்டும் இது பொருந்தாது. மூடிய பின் பிரஷ் நுழையாது. இருக்கையும் பக்கச்சுவரும் சாம்பல் பச்சை, இன்றிரவே பூசினேன்.

ஜூன் 7
ஆபரேஷன் முடிந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

ஜூன் 12
இந்த விமானத்தை வடிவமைத்த ஆர்.ஜே. மிட்செலைப் பற்றிப் படித்தேன். படித்திருக்க வேண்டாம். 1933-இல் குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை. அதன் பிறகும் வேலை பார்த்திருக்கிறார். 1936 மார்ச் 5 அன்று ஸ்பிட்ஃபயர் முதன்முதலாகப் பறந்தது. 1937 ஜூனில் இறந்துவிட்டார், 42 வயதில். பிரிட்டிஷ் விமானப்படைக்கு அது வந்து சேர்ந்ததே 1938-இல்தான். அண்ணனிடம் இதைப் பேசக் கூடாது.

ஜூன் 13
காலை முழுக்க புரொபெல்லர். நிஜத்தில் நாலு அங்குல மஞ்சள் முனை, இதில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. முதலில் மஞ்சள், காய்ந்ததும் முனையில் டேப் ஒட்டிக் கறுப்பு. கறுப்பின் மேல் மஞ்சள் எடுக்காது.

ஜூன் 16
அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தான். குரல் மட்டும் கம்மியிருந்தது.

"உடம்பை ஒட்டிட்டியா?"

"இன்னும் இல்லண்ணா."

"உள்ளே நல்லாக் காயட்டும். மிட்செலுக்கும் இதே வியாதிதான், தெரியுமா?"

நான் பேசவில்லை. அவனே தொடர்ந்தான்: "சக்கரத்தைத் தனியா பூசி வை. கடைசியில மாட்டிக்கலாம். மேல்கண்ணாடிக்குப் பிளாஸ்டிக் பசை வேண்டாம், மங்கிடும். ஃபெவிகால் போதும்."

வெளியே வந்ததும் அண்ணியிடம், மாடல் பெட்டி வாங்கியது எப்போது என்று கேட்டேன். டாக்டரிடம் முதலில் காட்டிய வாரமாம்.

ஜூன் 21
ரிசல்ட் இன்னும் வரவில்லை. உடலை ஒட்டிவிட்டேன்.

ஜூன் 24
தேய்த்தாயிற்று. அடிப்புறம் வெளிர்நிறம், அது முதலில். மேலே பழுப்பும் பச்சையும் இறக்கையிலிருந்து உடலுக்கு வளைந்து ஏறுவதால் எல்லாம் ஒட்டிய பிறகே பூச முடியும். வளைவு எங்கே திரும்ப வேண்டும் என்பதை அவனிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் பேச்சு எங்கே போகுமோ என்று தள்ளிப்போடுகிறேன். "போய்க் கேளுங்க, தம்பி" என்கிறார் அண்ணி.