விதைத்தவன் தூங்கலாமா?

சிவகாசிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு விதை உவமைகள் மனப்பாடம். விதைக்கிறவன், கடுகு விதை, புளித்த மாவு, காய்க்காத அத்திமரம். ஞாயிறு பள்ளியில் வண்ணப்படம், வாலிபர் கூட்டத்தில் நாடகம், அறுப்பின் பண்டிகையில் பிரசங்கம். கேட்டுக் கேட்டே எனக்கு அவை செத்துப்போயிருந்தன. "பொறுமையா இருங்க, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்பதுதான் எல்லாப் பிரசங்கத்துக்கும் முடிவு. யார் பொறுமையாக இருக்க வேண்டும் என்று கேட்டால் விரல் எப்போதும் எங்கள் தெருப் பக்கம்தான் நீளும்.

அவற்றை மறுபடி திறந்தது பக்தியால் அல்ல, களைப்பால். பட்டாசு ஆபீஸ் வெடிவிபத்துக்குப் பிறகு நம்மைப் போன்றவர்களுக்கு என்ன வேலை என்பது களத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் நிற்பது. பதிவேட்டில் பெயரே இல்லாத ஓர் அம்மா அங்கே வேலை பார்த்தவர்தான் என்று நிரூபிக்க ஆள் தேடுவது. வாங்கிய முன்பணத்தைக் காட்டி வாயடைக்கப்பட்ட குடும்பத்திடம், புகார் கொடுங்கள் என்று கெஞ்சுவது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். இடையிலும் பிறகும் நடந்தவற்றை எண்ண ஆரம்பித்தால் முடியாது. எங்களோடு வேலை செய்யும் சட்டக் கல்லூரித் தங்கை ஒருத்தி, "அண்ணே, நாம ஒரு மனு எழுதி முடிக்கிறதுக்குள்ள அடுத்தது வெடிச்சிருது" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ராத்திரி தூக்கமும் இல்லை.

அந்த நாட்களில்தான் மாற்கு 4ஆம் அதிகாரத்தில் ஒரு சின்ன உவமை கண்ணில் நின்றது. நான்கு சுவிசேஷக்காரர்களில் மாற்கு மட்டுமே அதை எழுதியிருக்கிறார். பிரசங்கத்தில் அதிகம் கேட்டதுமில்லை. ஒருவன் விதைக்கிறான். ராத்திரி தூங்குகிறான், பகலில் எழுகிறான். எப்படி என்று அவனுக்கே தெரியாமல் விதை முளைத்து வளர்கிறது. முதலில் முளை, பிறகு கதிர், பிறகு மணி. விளைந்தவுடன் அரிவாளை எடுக்கிறான். அவ்வளவுதான் கதை.

அவன் தூங்குகிறான் என்பதில்தான் நான் நின்றேன். வேலையைத் தட்டிக்கழித்துவிட்டுத் தூங்கவில்லை, விதைத்துவிட்டுத் தூங்குகிறான். முளைக்க வைப்பது அவன் வேலை அல்ல, அது மண்ணின் வேலை. அரிவாள் எடுக்க வேண்டிய நாளில் அவன் ஒரு நாள்கூடத் தாமதிப்பதில்லை. "பொறுமையாக இரு" என்பவர்கள் இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கரிசக்காட்டுக்காரர்களுக்கு இது விளங்கும். மேலே வெடித்துக் கிடக்கிற மண்ணில் கையை உள்ளே விட்டால் ஈரம் இருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் பெய்ததை அது அடியில் பிடித்து வைத்திருக்கும். மழை நின்ற பிறகும் பயிர் அந்த ஈரத்தில் நிற்கும். என் தாத்தா அதில் எத்தனையோ போகம் விதைத்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. அவர் விதைத்தார், அறுத்த மூட்டை இன்னொரு வீட்டுக்குப் போனது.

அதனால்தான் விதைக்கிறவன் உவமையைச் சொல்லி, "நீ எந்த நிலம்? பாறையா, முள்ளா, நல்ல நிலமா?" என்று பிரசங்கி கேட்கும்போது எனக்கு எரிச்சல் வரும். நல்ல நிலத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. ஒதுக்கப்பட்ட சுமார் 12 லட்சம் ஏக்கரில் பெரும்பகுதி இன்று நம் மக்கள் கையில் இல்லை. கூடாரம் போட்டு ஊர் ஊராக நடந்து, 1858இல் சிவகாசியிலேயே செத்துப்போன ராக்லாந்து என்ற மிஷனரியை, இந்தப் பக்கம் விதைத்தவர் என்று சபை வரலாறு கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், நியாயம்தான். அந்த விதையை வாங்கிக்கொண்ட சேரிகளின் பெயரையும் சேர்த்து எழுதலாமே.

முளை, கதிர், மணி என்ற வரிசைக்கு வருகிறேன். என் அம்மா ராத்திரி சிம்னி விளக்கில் தீப்பெட்டி ஒட்டினவர். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. குரோஸ் கணக்கில்தான் கூலி, குரோஸ் கணக்கில்தான் எங்கள் சாப்பாடு. விடிவதற்கு முன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து, பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 1986ஆம் ஆண்டு எண் கொண்டது. பெரிய தீர்ப்பு வந்தது 1996 டிசம்பரில். வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. கல்வியை அடிப்படை உரிமையாக்கிய திருத்தம் 2002இல், அதற்கான சட்டம் 2009இல். முதல் மனுவிலிருந்து கணக்குப் போட்டால் 23 வருடம். அந்த வருடங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த அக்காக்களைக் கேட்டிருந்தால், "ஒண்ணும் மாறலை" என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்று என் தெருவில் அந்த நேரத்துக்கு எந்தப் பிள்ளையையும் எழுப்பி பஸ் ஏற்றுவதில்லை. அந்தத் தங்கை சட்டம் படிக்கிறாள். அவளுடைய அம்மா எட்டு வயதில் தீக்குச்சி அடுக்கியவர்.

கடுகு விதையைப் பற்றி எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புளித்த மாவு வேறு விஷயம்.

ஒரு பெண் மூன்று படி மாவில் கொஞ்சம் புளித்த மாவை வைக்கிறாள், முழுவதும் புளிக்கிறது. அந்த ஊர் அளவில் மூன்று படி என்பது நாற்பது லிட்டருக்குப் பக்கம். நூறு பேர் சாப்பிடலாம். பஸ்கா வந்தால் யூதர்கள் வீட்டில் இருக்கும் புளித்த மாவையெல்லாம் தேடி வெளியே எறிந்துவிடுவார்கள். இயேசுவே பரிசேயரின் புளித்த மாவைக் குறித்து எச்சரிக்கிறார். அப்படி ஒதுக்கப்பட்ட ஒன்றை எடுத்துத்தான் கடவுளின் ராஜ்யம் இதைப் போன்றது என்கிறார். அவள் அதை மாவுக்குள் ஒளித்துவைத்தாள் என்று பொருள்படும் சொல்தான் மூல கிரேக்கத்தில் இருக்கிறது.

யார் கை பட்டால் சாப்பாடு தீட்டு என்ற கேள்வி நமக்குப் பழைய கதை அல்ல. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போன சில வாரங்களில், 2023 செப்டம்பரில், எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்ததாகச் செய்தி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு, நமக்குப் பறட்டை அண்ணன், பறையையும் கிராமத்து மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தவர். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து தின்பதையே இறையியலாகப் பேசியவர். 2005இல் போய்விட்டார். அவர் பேசியது என்னவென்று எனக்குப் புத்தகத்தில் புரிந்ததைவிட எங்கள் சபை அசனத்தில் புரிந்தது.

அந்த அசனத்துக்கு விறகு உடைப்பது எங்கள் தெரு, பாத்திரம் கழுவுவது எங்கள் தெரு. கரண்டி மட்டும் வேறு தெருக் கைக்குப் போகும். யாரும் சட்டம் போட்டதில்லை, அப்படித்தான் நடக்கும். ஒரு வருடம் எங்கள் தெரு அக்கா ஒருவர் யாரிடமும் கேட்காமல் சாம்பார் அண்டாவில் கரண்டியை விட்டுக் கிண்ட ஆரம்பித்தார். உப்பையும் அவரே பார்த்துப் போட்டார். அன்று நாலு குடும்பம் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனது. அடுத்த வருடமும் அவர்தான் கிண்டினார்; போனது இரண்டு குடும்பம். மூன்றாம் வருடம், "உப்பு கொஞ்சம் கம்மி" என்று ஒரு குறை மட்டும் வந்தது. அக்கா எந்த மேடையிலும் பேசியதில்லை, துண்டறிக்கையில் அவர் பெயர் வந்ததில்லை.

இளம் தோழர்களிடம் நான் அதிகம் பேசுவது லூக்கா 13இன் அத்திமரத்தைப் பற்றி. மூன்று வருடமாகக் காய்க்கவில்லை, வெட்டு என்கிறான் சொந்தக்காரன். தோட்டக்காரன் இன்னும் ஒரு வருடம் கேட்கிறான். சும்மா கேட்கவில்லை. சுற்றிலும் கொத்திவிடுகிறேன், எருப் போடுகிறேன் என்று வேலையைச் சொல்லிக் கேட்கிறான். எரு அள்ளுவது இந்த நாட்டில் யார் தலையில் கட்டப்பட்ட வேலை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தோட்டக்காரனை எனக்கு நன்றாகத் தெரியும் என்றே தோன்றுகிறது. அதற்குப் பிறகும் காய்க்காவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள் என்றும் அவனே சொல்கிறான். பொய் நம்பிக்கை ஏதும் கொடுக்கவில்லை.

மரம் மறு வருடம் காய்த்ததா என்று லூக்கா எழுதவில்லை. எங்கள் இழப்பீட்டு வழக்குக்கு இது மூன்றாவது வருடம். அடுத்த வாய்தா தை மாதம். அதற்குள் இரண்டு சாட்சிகளைப் பார்க்க வேண்டும். ஒருவர் திருத்தங்கலில் இருக்கிறார். இன்னொருவர் வேலை தேடித் திருப்பூர் போய்விட்டார். சனிக்கிழமை காலை பஸ்ஸுக்குத் தங்கை டிக்கெட் போட்டுவிட்டாள்.