நிகோடெமஸ்: மண்ணிலிருந்து எழுந்த ஊர்

1878இல் கென்டக்கியிலிருந்து கான்சஸுக்கு வந்து சேர்ந்தார் வில்லியானா ஹிக்மன். ஊர் வந்துவிட்டது என்று கூட வந்த ஆண்கள் கூவினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வீடும் இல்லை. எங்கே ஊர் என்று கேட்டதற்கு, தரையிலிருந்து கிளம்பிய புகையைக் கணவர் சுட்டிக்காட்டினார். மண்ணைக் குடைந்த குழிகளுக்குள் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்து அழுதுவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த ஊர்தான் நிகோடெமஸ். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877இல் உருவாக்கிய குடியேற்றம். மரமே அரிதான புல்வெளியில் வீடு கட்டப் பலகைக்கு எங்கே போவது? சரிவில் குழி வெட்டினார்கள். மேலே கொம்புகளைப் பரப்பி, புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கிக் கூரையாக்கினார்கள். முதல் குளிர்காலத்தில் ஓசேஜ் பழங்குடியினர் வேட்டை இறைச்சி தந்து உதவினார்கள் என்பது தலைமுறைகளாக அங்கே சொல்லப்பட்டு வரும் செய்தி. உழவு மாடும் கலப்பையும் போதாமல், மண்வெட்டியால் கொத்தியே பலர் விதைத்தார்கள்.

பத்தாண்டுக்குள் தேவாலயம், பள்ளி, கடைகள், செய்தித்தாள் எல்லாம் வந்துவிட்டன. வராதது ரயில் மட்டும். 1888இல் பாதை சாலமன் ஆற்றுக்குத் தெற்கே போனதும் வியாபாரிகள் அங்கே பெயர்ந்தார்கள். 1930களின் வறட்சி மிச்சமிருந்தவர்களிலும் பலரைத் துரத்தியது. 1953இல் தபால் நிலையமும் மூடப்பட்டது.

இன்று அங்கே வசிப்போர் சொற்பம். ஆனால் ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும், விடுதலையைக் கொண்டாட, நாடெங்கும் சிதறிய வாரிசுகள் சொந்த ஊர் திரும்புகிறார்கள். இந்தப் பந்தமே ஊரைக் காப்பாற்றியது என்பேன். முதல் குடியேறிகளின் வழிவந்த ஏஞ்சலா பேட்ஸ் 1988இல் வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினார். அவரும் மற்ற வாரிசுகளும் விடாமல் முயன்றதன் பலனாக, 1996இல் நிகோடெமஸ் தேசிய வரலாற்றுத் தலமானது. இரண்டு தேவாலயங்கள், செயின்ட் பிரான்சிஸ் விடுதி, பள்ளி, 1939இல் எழுந்த ஊர்மன்றம் என ஐந்து கட்டடங்கள் அதில் அடக்கம்.

சுண்ணாம்புக்கல் சுவரைச் செப்பனிட அரசின் தேசியப் பூங்காத் துறை இருக்கிறது. ஒரு பழைய புகைப்படத்தில் நிற்பவர் யார், யாருக்கு என்ன உறவு என்பதை எந்தப் பொறியாளரும் சொல்ல முடியாது. அதைச் சொல்ல அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் வேண்டும். குழி வீடுகள் மண்ணோடு மண்ணாகிவிட்ட ஊரில், படங்களையும் பாட்டிமார் சொன்ன கதைகளையும் திரட்டி வைக்கும் அந்தச் சங்கத்தின் உழைப்பை, கட்டடப் பராமரிப்புக்கு ஒரு படி மேலாகவே மதிக்கிறேன். அமெரிக்க மேற்கின் முன்னோடி விவசாயி என்றதும் வெள்ளை முகமே மனதில் எழும்படி புத்தகங்களும் திரைப்படங்களும் நம்மைப் பழக்கிவிட்டன. அந்தப் படத்தைத் திருத்தும் சான்றுகள், இப்படிக் குடும்பங்களின் பெட்டிகளிலிருந்துதான் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன.